ஏரிக்கரை ஸ்டில் மாஸ்டர்

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி மேடவாக்கம் வரைக்கும் நடந்தே வாருங்கள். வழியில் பார்க்கிற அத்தனை பேருடைய பயத்தையும் மூட்டையாகக் கட்டித் தராசில் ஒரு பக்கம் வையுங்கள். மறு பக்கம் எங்கள் ஸ்டில் மாஸ்டரை உட்கார வையுங்கள். மாஸ்டர் பக்கம்தான் தாழும். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப் போவதில்லை. அந்த மனுஷன்தான் தலை நரைக்கிற வயதில் சண்டை கற்றுக்கொள்ளக் கிளம்பினார்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். செம்பாக்கம் பக்கம் நீங்கள் எந்த மொட்டை மாடியைப் பார்த்தாலும், அது கான்கிரீட்டாக இறுகுகிற வரைக்கும் கீழே தாங்கி நின்றது என் பலகையும் என் முட்டுக் கட்டையும்தான். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிறேன். படிப்பு நாலாம் வகுப்பு, அதிலும் பாதி. மணல் சுமந்த சித்தாள் இன்றைக்குச் சொந்த லாரி வைத்திருக்கிறேன் என்றால், எந்த வாத்தியாரும் எனக்கு ஒரு மண்ணும் சொல்லித் தரவில்லை. நானாகப் பார்த்து, நானாக விழுந்து, நானாக எழுந்து கற்றது. இதைக் கல்யாண வீட்டிலும் சொல்வேன், சாவு வீட்டிலும் சொல்வேன். கேட்டவர்கள் யாரும் இதுவரை மறுத்ததில்லை.

மாஸ்டரின் கடை, நான் சாமான் அடுக்கி வைக்கிற யார்டை ஒட்டினாற்போல் இருந்தது. பைக் சீட்டுக்கு ஃபோம் வைத்து ரெக்சின் தைத்துத் தருகிற தொழில். அவர் தைத்த சீட்டில் உட்கார்ந்து வேளச்சேரி போனால், போய்ச் சேர்ந்த பிறகும் இறங்க மனசு வராது. ஆனால் அவர் மட்டும் பைக் ஓட்ட மாட்டார். பயம். தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் தைக்கிற ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொள்வார். சீட் தைக்க வந்த ஒருவர் உரக்கத் தும்மியதற்கு, "தப்புதான் சார்" என்று இவர் மன்னிப்புக் கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு முறை என் பேரனுக்கு மொட்டை போடத் தெருவையே வேனில் ஏற்றித் திருநீர்மலைக்குக் கூட்டிப் போனேன். மலையடிவாரத்தில், "அண்ணே, மேல கொரங்கு கீதா?" என்று கேட்டார். இருக்கு என்றேன். நாங்கள் தரிசனம் முடித்து இறங்கி வரும் வரைக்கும் வேனுக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் வெந்து போயிருந்தார்.

அவருடைய மனைவி ஸ்டெல்லா நேர் எதிர். மேடவாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பெருக்குகிற வேலைக்குப் போய் சூப்பர்வைசராக ஆனவர். என் மாதிரியே கீழிருந்து மேலே வந்தவர் என்பதால் அந்த அம்மா மேல் எனக்குத் தனி மரியாதை. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரை ரோட்டில் விறுவிறுவென்று நடந்து, மெயின் ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோ பிடிப்பார். அந்த நடையைப் பார்த்தால் ஏதோ கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர் போல இருக்கும்.

அந்த ரோட்டில்தான் நாய்கள் சேர்ந்தன. எவனோ கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாக ஏரிக்கரையில் கொட்ட ஆரம்பித்தான். முதலில் இரண்டு நாய். பிறகு எண்ண முடியவில்லை. எல்லாவற்றுக்கும் தலைவன் ஒரு செவலை. அதற்கு ஒரு காது பாதி கிழிந்து தொங்கும். குரைக்காது. தலையைத் தாழ்த்திக்கொண்டு, நம் முழங்காலைப் பார்த்தபடியே வரும். குரைக்கிற நாயைச் சமாளித்துவிடலாம். இப்படிப் பேசாமல் வருகிற நாய் எப்போது பாயும் என்றே தெரியாது.

ஒரு நாள் காலையில் அது ஸ்டெல்லாவின் பின்னால் வந்தது. ஸ்டெல்லா ஓடினார். அது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. ஊசி எல்லாம் போட்டுக் காயம் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மா வாசலைத் தாண்டவில்லை. அடையாள அட்டை ஆணியில் தொங்கியது. தெருவில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போய்ப் பார்த்தேன்.

"தெனம் காலைல என் லாரில கொண்டு போய் உடச் சொல்றேம்மா. டிரைவரு சும்மாத்தான் கீறான்."

"எத்தினி நாளைக்குண்ணா லாரி? நான் நடந்து போற ரோடு அது. அந்த ரோட்டை உட்டுட்டா, அப்பால ஒண்ணொண்ணா எல்லாத்தையும் உட்டுக்கினே வரணும்."

குடியிருப்பிலிருந்து மேனேஜர் போன் பண்ணிவிட்டார். மாதக் கடைசி வரைக்கும் பார்ப்போம், அப்புறம் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று. ஸ்டெல்லா அதைக் கேட்டுவிட்டுப் போனைக் கட்டில் மேல் வைத்தாராம். அழவில்லையாம். அதுதான் மாஸ்டரை உலுக்கிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் என் யார்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஃபைட்டு கத்துக்கலாம்னு கீறேன்."

"நீயா? யார்கிட்ட?"

"போன்ல. ஜப்பான்காரு ஒருத்தரு சொல்லித் தர்றாரு."

"டேய், சண்டையெல்லாம் வாத்தியார் இல்லாம வராதுடா. கை காலு போயிரும்."

"நீங்க இன்னா வாத்தியாரு வச்சாண்ணே கத்துக்கினீங்க? எல்லாம் நானா கத்துக்கினேன்னு நீங்கதான தெனம் சொல்றீங்க?"

என்னை என் வாயாலேயே மடக்கியவர்கள் குறைவு. யார்டின் பின்பக்கம், இரும்புப் பலகைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிற மூலையை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கும் அந்த இடம் பிடித்துப் போனது.

முதலில் கவசம் தயாரானது. கடையில் வாங்கப் பயம், எடுத்துக் காட்டுகிறவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று. எல்லாவற்றையும் தானே தைத்தார். நெஞ்சுக்கு இரட்டை சீட் ஃபோம், மேலே கறுப்பு ரெக்சின், ஓரத்தில் சிவப்பு பைப்பிங். முதுகுக்கும் அதே. முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து உள்ளே பஞ்சு வைத்துக் கட்டினார். தலைக்கு ஹெல்மெட். மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவருடைய இரண்டு கையும் உடம்போடு ஒட்டவில்லை. அந்தரத்தில் நின்றன. ஃபோம் அவ்வளவு கனம். சட்டை காயப்போட்ட மாதிரி நின்றுகொண்டு, "எப்படிண்ணே கீது?" என்றார்.

"உக்காருவியா?"

"உக்காற முடியாதுண்ணே. ஆனா உயுந்தா அடிபடாது."

தள்ளிப் பார்த்தேன். விழுந்தார். அடிபடவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. இரண்டு ஆட்கள் வந்து, தூண் நிமிர்த்துகிற மாதிரி நிமிர்த்தினார்கள்.

பயிற்சி ஆரம்பித்து ஒரு வாரம் போயிருக்கும். பலகை எண்ணப் பின்பக்கம் போனேன். மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு கால் இடுப்பு உயரத்தில். கை இரண்டும் முன்னால். கண் இமைக்கவில்லை. மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்க் கையில் ஒரு இரும்புச் சாவியைத் திணித்தேன். உதடு அசையாமல், "இர்ணே, இன்னும் முடியல" என்றார். நான் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் நின்றார். பிறகுதான் கால் மெல்லக் கீழே வந்தது.

"என்னடா இது?"

"உதைண்ணே. ஒதைக்கிறதுக்கு முன்ன இப்படி நிக்கணும். ஜப்பான்காரு நிக்கிறாரு."

போனை வாங்கிப் பார்த்தேன். ஜப்பான்காரர் வணக்கம் வைக்கிறார். காலைத் தூக்குகிறார். அப்படியே நிற்கிறார். அவர் மூக்குக்கு நேரே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் இரும்புப் பலகைகளுக்கு நடுவே சிக்னல் எங்கே வரும்? சுற்றி முடித்து வீடியோ மறுபடி நகரும்போது ஒரே தாவலாகத் தாவி, கால் தரையில் வந்துவிட்டிருக்கிறது. நடுவில் உதை என்ற ஒன்று நடந்ததே, அதை எங்கள் மாஸ்டர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"டேய், நெட்டு இல்லடா. அதான் நிக்குது."

"நெட்டு இல்லாம இல்லண்ணே. நீங்க அவரு மொகத்தப் பாருங்க. எத்தினி பொறுமை. அந்த நிக்கிறதுலதான் விஷயமே கீது."

மூட்டையில் மணல் நிரப்பிச் சாரக் குழாயில் தொங்கவிட்டுக் கொடுத்தேன், குத்திப் பழக. குத்தினார். மூட்டை அந்தப் பக்கம் போனது. இவர் ஜப்பான்காரர் மாதிரி அசையாமல் நின்றார். மூட்டை திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் நெஞ்சுக் கவசம் எவ்வளவு நல்ல வேலை என்று எங்களுக்குத் தெரிந்தது.

இனி விட்டால் ஆள் தேறாது என்று நானே கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கராத்தே வகுப்புக்கு அழைத்துப் போனேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு நடத்துகிறார்கள். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெள்ளை உடுப்பு. நடுவில் நம் ஆள், கறுப்பு ரெக்சினில். சொல்லித் தருகிறவர் இளைஞர், நல்ல மரியாதை தெரிந்தவர்.

"சார், கிக் பண்ணும்போது ஏன் நடுவுல நின்னுடறீங்க?"

"அது ஸ்டைலு சார்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"போன்ல ஒருத்தரு. அவரு ரொம்ப நேரம் நிப்பாரு சார். கண்ணக்கூட சிமிட்ட மாட்டாரு."

அந்தத் தம்பி என்னைப் பார்த்தார். நான் தகரக் கூரையைப் பார்த்தேன். வரிசையில் நின்ற மஞ்சள் பெல்ட் சிறுமி ஒருத்தி, "அங்கிள் ஃபோட்டோக்கு ஸ்டில் குடுக்கறாரு சார்" என்றாள். மாடியே சிரித்தது. அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தப் பெயர். நாங்கள் செம்பாக்கம் திரும்புவதற்குள் அது எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அதோடு போயிற்று.

அந்தச் சிறுமியையே அவரோடு மோத விட்டார்கள். மாஸ்டர் காலைத் தூக்கி நின்றார். சிறுமி ஓடி வந்து நெஞ்சில் ஒரு உதை விட்டாள். இரட்டை சீட் ஃபோம் ஆயிற்றே. அவளை அப்படியே பின்னால் தள்ளிவிட்டது. பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். மாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "தப்புதான் பாப்பா, அங்கிள் ஒண்ணியும் பண்ணல பாப்பா" என்று அவளைவிட அதிகமாக அழுதார்.

"சார், இந்த டிரெஸ்ஸ கழட்டிட்டு யூனிஃபார்ம்ல வாங்க. பேசிக்ல இருந்து நான் சொல்லித் தர்றேன்."

"கழட்டினா பயமா கீது சார்."

வகுப்பு அதோடு முடிந்தது. வருகிற வழியில், சேலையூர் தாண்டும்போது ஒரு வார்த்தை சொன்னார். "மாசக் கடைசி வந்துகினே கீதுண்ணே."

வந்தேவிட்டது. மேனேஜர் சொன்ன கெடுவின் கடைசி நாள். முந்தின நாள் மாஸ்டர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், நான் முன்னால் நடக்கிறேன், நீ என் பின்னால் வா என்று. ஸ்டெல்லா கிளம்பியது நம்பிக்கையால் இல்லை. "இந்த ஆளு தனியா போயி கடி வாங்கிக்கினு வந்தா, அதுவும் என் தலையிலதான்" என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னாராம்.

நானும் போனேன். கையில் நல்ல சவுக்குக் கட்டை. கட்டட வேலையில் எத்தனையோ ரவுடிகளைப் பார்த்தவன், எனக்கு நாய் எம்மாத்திரம்? காலை வெளிச்சம் அப்போதுதான் ஏரித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. பனி. முன்னால் மாஸ்டர், கை இரண்டையும் விரித்தபடி, பிளாஸ்டிக் குழாய் ஒன்றோடொன்று உரச டொக் டொக் என்று நடந்தார். அவர் முதுகுக் கவசத்தின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா. கழுத்தில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் நான். ஸ்டெல்லாவின் மூச்சு பாதி அழுகையாக வந்துகொண்டிருந்தது.

சிறுபாலத்துக்குப் பக்கத்தில் குப்பை அசைந்தது. ஒன்று எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கரை முழுக்க எழுந்து நின்றன. குரைப்பு நாலாப் பக்கமும் கிளம்பி, ஏரியில் பட்டு எதிரொலித்து, ஐம்பது நாய் குரைக்கிற மாதிரி கேட்டது. அத்தனைக்கும் நடுவில் சத்தமே இல்லாமல் வந்தது செவலை. தலை தாழ்ந்து, பார்வை முழங்காலில்.

அடுத்து நடந்ததில் ஒரு பகுதி எனக்குத் தெரியவில்லை. நான் ரோட்டில் நின்றது தெரியும். பிறகு பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் நின்றது தெரியும். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு உயரம் எப்படி ஏறினேன் என்று என் டாக்டருக்கே புரியவில்லை. சவுக்குக் கட்டை என்ன ஆயிற்று என்று இன்றுவரைக்கும் தகவல் இல்லை.

"ஐயோ, ஓடுய்யா," என்றார் ஸ்டெல்லா. அவர் உடம்பு திரும்பிவிட்டது. கால் கிளம்பிவிட்டது. ஆனால் கை கவசப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"ஓடாத ஸ்டெல்லா," என்றார் மாஸ்டர். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "நில்லு. நான் ஒதைக்கப் போறேன்."

காலைத் தூக்கினார். இடுப்பு உயரம். கை இரண்டும் முன்னால். அங்கேயே நின்றார்.

நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பின்னால் பட்டையில் மாட்டிய கையோடு ஸ்டெல்லாவும் கண்ணை மூடிக்கொண்டு சிலையாக நின்றார். நாய்கள் சுற்றி வந்து குரைத்தன. ஓடுகிறவனைத் துரத்தித்தான் அவற்றுக்குப் பழக்கம். கத்துகிறவனை, கல்லெறிகிறவனைத் தெரியும். ஒற்றைக் காலில் நிற்கிற ரெக்சின் மனுஷனை அவை கண்டதில்லை. குரைப்பு ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசியில் செவலை மட்டும் கிட்டே வந்தது. தூக்கிய காலின் அடியில் போய் நின்று மேலே பார்த்தது. ஊன்றிய காலைச் சுற்றி வந்தது. பிளாஸ்டிக் குழாயை மேலிருந்து கீழாக மோந்தது. மாஸ்டரின் ஹெல்மெட்டிலிருந்து வேர்வை சொட்டுவதைச் சுவர் மேலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கடிக்கும், இதோ கடிக்கப் போகிறது என்று முருகா முருகா சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவலை பக்கவாட்டில் திரும்பியது. அதுவும் ஒரு காலைத் தூக்கியது.

ஒரே ரோட்டில், ஒருவருக்கொருவர் பக்கத்தில், இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வேலையை முதலில் முடித்தது செவலைதான். கரண்ட் கம்பத்துக்குச் செய்கிற மரியாதையை மாஸ்டரின் குழாய்க்குச் செய்துவிட்டு, இனி இதில் ஒன்றும் இல்லை என்பதுபோலக் குப்பைக்குத் திரும்பிப் போனது. மற்றவையும் பின்னாலேயே போயின.

ஸ்டெல்லா ஒரு கண்ணைத் திறந்தார். குழாயைப் பார்த்தார். சொட்டுகிறதைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். அட்டை குலுங்கக் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். மாஸ்டர் அப்போதும் காலை இறக்கவில்லை.

"எறக்குய்யா, போயிருச்சு."

"எறங்கலடி. பயத்துல புடிச்சிக்கிச்சு."

நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்துதான் அந்தக் காலைக் கீழே இறக்கினோம். அதற்குப் பிறகு ஸ்டெல்லா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, மெயின் ரோட்டை நோக்கி நடந்தார். பழைய நடை.

அப்புறம் நிறைய நாள் அந்த ரோட்டில் காலையில் ஒரு ஊர்வலமே போனது. முன்னால் மாஸ்டர், பின்னால் ஸ்டெல்லா, அவர் பின்னால் ஹாஸ்டல் பெண்கள், பால்காரர், வேலைக்குப் போகிற கொத்தனார்கள். நாய் வந்தால் மாஸ்டர் கையை உயர்த்துவார். மொத்தக் கூட்டமும் நிற்கும். நாய் போனதும் மொத்தக் கூட்டமும் நகரும். ஒருவருக்கும் கடி இல்லை. பிறகு குப்பை கொட்டுவது நின்றது. ஸ்டெல்லாவின் வேலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்து மேடவாக்கம் போய்விட்டார்கள். புது வீட்டில் நெட்டு நன்றாக வருகிறதாம். போன வாரம் மாஸ்டர் போனில் சொன்னார். "அண்ணே, அந்த ஜப்பான்காரு வீடியோவ முழுசாப் பாத்தேன். நிக்கவே மாட்றாரு. சர்ருனு ஒதைக்கிறாரு. யாரோ டூப்பு போட்டுட்டாங்க போல."

இப்போது ஏரிக்கரையில் நான் தனியாகத்தான் வாக்கிங் போகிறேன். செவலை இல்லை, அதன் பிள்ளைகள் இருக்கின்றன. அதே மாதிரி சத்தமில்லாமல், முழங்காலைப் பார்த்துக்கொண்டு வருகின்றன. பயம் அதே பயம்தான். ஆனால் நான் சுவரைத் தேடுவதில்லை. நின்றுவிடுகிறேன். முழங்கால் வலியில் காலைத் தூக்க முடியாது. செருப்புக்குள் கட்டைவிரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல், அது போகிற வரைக்கும் நிற்கிறேன்.

வாத்தியார் இல்லாமலே கற்றுக்கொண்டவன் என்று இன்றைக்கும் எல்லா இடத்திலும் சொல்கிறேன். அந்த ரோட்டில் நடக்கும்போது மட்டும் சொல்வதில்லை.